விருதுநகர் மாவட்டத்தில் உணவும் நாட்பட்ட நோய்களும்

விருதுநகர் மாவட்டத்தில் உணவும் நாட்பட்ட நோய்களும் என்னும் இக்கட்டுரை, உண்ணும் உணவும் அதிலுள்ள ஊட்டச்சத்துக்களும் உடலின் அழற்சி, வளர்சிதைமாற்றம் ஆகியவற்றின் மீது ஏற்படுத்தும் விளைவுகளை, தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தையும் அதிலடங்கிய சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், இதயக் குருதிக்குழாய் நோய், கொழுப்புக் கல்லீரல் நோய் ஆகியன பல ஆண்டுகள் நீடிக்கும் நாட்பட்ட நோய்கள் ஆகும். இவை தோன்றுவதற்கும் முற்றுவதற்கும் மரபு, வயது, உடலுழைப்பு, புகைப்பழக்கம், காற்று மாசு எனப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் மாற்றக்கூடிய முதன்மையான காரணங்களில் ஒன்று உணவு ஆகும். ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே உடலில், ஊட்டக்குறைவும் மிகை எடையும் சேர்ந்து காணப்படுவது இன்றைய தமிழ்நாட்டின் சிறப்பான சிக்கல் ஆகும்.

பின்னணி

விருதுநகர் மாவட்டம் 1985 ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மாவட்டத்தின் பெரும்பகுதி மழையை நம்பிய கரிசல் நிலம் ஆகும். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, எள், பயறு வகைகள் ஆகியன இங்கு நெடுங்காலமாகப் பயிரிடப்படுகின்றன. விருதுநகர் நகரம் பருப்பு, மிளகாய் வற்றல், நல்லெண்ணெய் ஆகியவற்றின் வணிகத்துக்குப் பெயர்பெற்றது.

மழை குறைந்த வறண்ட தட்பவெப்பமும், வேளாண்மையில் போதிய வருமானம் கிடைக்காத மக்களும் இருந்ததால் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் இங்கு வேரூன்றின. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அதன் பின்னர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் பரவின. வயலில் குனிந்து நிமிர்ந்து உழைத்த குடும்பங்கள் பல, ஓரிடத்தில் அமர்ந்து எண்ணிக்கைக் கூலிக்குச் செய்யும் வேலைக்கு மாறின.

உணவும் மாறியது. கம்பங்கூழும் சோளச்சோறும் இருந்த இடத்தில் தீட்டிய அரிசி வந்தது. தமிழ்நாட்டு அரசு 2008 இல் நியாயவிலைக் கடைகளில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வழங்கியது. 2011 சூன் முதல் அது விலையில்லா அரிசியாயிற்று. 2007 இல் தொடங்கிய சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தில் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைத்தன. பசியைத் தணித்ததில் இத்திட்டங்களின் பங்கு மிகப் பெரியது. அதே வேளையில் தட்டில் மாவுப்பொருளின் பங்கு மேலும் உறுதிப்பட்டது. எண்ணெயில் பொரித்தெடுக்கும் விருதுநகர் பரோட்டா, சாத்தூர்க் காராச்சேவு, 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஆகியன இம்மாவட்டத்தின் புகழ்பெற்ற தின்பண்டங்கள். ஒரு காலத்தில் திருவிழாவுக்கும் விருந்துக்கும் உரியனவாயிருந்த இத்தகைய உணவுகள் அன்றாட உணவாக மாறும்போதுதான் உடல்நலச் சிக்கல் எழுகிறது.

அழற்சி என்றால் என்ன

அழற்சி என்பது காயம் அல்லது நோய்க்கிருமியை எதிர்த்து உடல் மேற்கொள்ளும் தற்காப்பு வினை ஆகும். காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பது இதன் வெளிப்பாடாகும். வேலை முடிந்ததும் இது அடங்கிவிடும். இதனைக் குறுங்கால அழற்சி என்பர்.

இதற்கு மாறாக, வலியோ வீக்கமோ இன்றி, குறைந்த அளவில், பல ஆண்டுகள் அடங்காமல் நீடிக்கும் அழற்சியும் உண்டு. இது நாட்பட்ட தாழ்நிலை அழற்சி எனப்படும். இதைக் குருதிச் சோதனையாலேயே அறிய முடியும். அச்சோதனைகளுள் பரவலானது சி-எதிர்வினைப் புரத அளவீடு ஆகும். இப்புரதத்தை 1930 இல் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமசு பிரான்சிசு ஆகியோர் கண்டறிந்தனர்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உடல் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, கட்டிச் சிதைவுக் காரணி என்னும் அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் செயலைத் தடுப்பதையும் 1993 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அழற்சிக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை அறிவதில் இது ஒரு திருப்புமுனை ஆகும். வயிற்றுப் பகுதியில் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இவ்வகையில் மிகுந்த தீங்கு தருவது.

அழற்சி இதய நோயின் துணைவிளைவு மட்டுமன்று, அதன் காரணங்களுள் ஒன்றும் ஆகும் என்பதற்கு 2017 இல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை வலுவான சான்று தந்தது. முன்னரே மாரடைப்புக்கு உள்ளான ஏறத்தாழ 10,000 பேர் அதில் பங்கேற்றனர். குருதிக் கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்து அளிக்கப்பட்டபோது, மாரடைப்பு முதலியன மீண்டும் நேர்வது குறைந்தது.

உணவு செயல்படும் வழிகள்

தீட்டிய தானியங்கள்: நெல்லைத் தீட்டும்போது தவிடும் முளையும் நீங்குகின்றன. அவற்றுடன் நார்ப்பொருள், பி வகை உயிர்ச்சத்துக்கள், மக்னீசியம் ஆகியவற்றின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. எஞ்சிய மாவுப்பொருள் விரைவில் செரித்துக் குருதியில் சர்க்கரையை உயர்த்துகிறது. இவ்வுயர்வு அடிக்கடி நிகழும்போது உயிரணுக்களில் ஆக்சிசனேற்றத் தகைவு கூடி, அழற்சியைத் தூண்டும் சைகைகள் பிறக்கின்றன. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க வேண்டியுள்ளது. மைதாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. நெல்லை ஊறவைத்து அவித்துப் பெறும் புழுங்கல் அரிசியில் பி வகை உயிர்ச்சத்துக்களின் ஒரு பகுதி மணியின் உள்ளே ஊடுருவி விடுவதால், பச்சரிசியை விட அதில் அவை கூடுதலாக எஞ்சுகின்றன.

சென்னையில் நடைபெற்ற நகர்ப்புற, ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் முடிவுகள் 2009 இல் வெளியாயின. பங்கேற்றோர் உட்கொண்ட கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வந்தது. அவற்றை மிகுதியாக உண்டவர்களிடம் நீரிழிவும், இடுப்புச் சுற்றளவு, குருதிக் கொழுப்பு, குருதி அழுத்தம் முதலியன ஒருங்கே உயர்ந்திருக்கும் வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறியும் மிகுந்து காணப்பட்டன. நார்ப்பொருளை மிகுதியாக உண்டவர்களிடம் நீரிழிவு குறைந்து காணப்பட்டது. ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட அளவீடு என்பதால் இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தைத் தனித்து நிறுவவில்லை.

கொழுப்பும் எண்ணெயும்: எண்ணெய் அனைத்தும் ஒன்றல்ல. நல்லெண்ணெயில் ஒலெயிக் அமிலமும் லினோலெயிக் அமிலமும் ஏறத்தாழ 40 விழுக்காடு வீதம் உள்ளன. எள்ளுக்கே உரிய செசாமின், செசாமோலின் ஆகிய பொருள்கள் எண்ணெய் விரைவில் கெடாமல் காக்க உதவுகின்றன. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் கூடுதல். திண்ம நிலைக்கு மாற்றப்பட்ட வனசுபதியில் உருவாகும் மாறுபக்கக் கொழுப்பு, தீய கொலசுட்ராலைக் கூட்டி, நல்ல கொலசுட்ராலைக் குறைத்து, அழற்சியையும் தூண்டுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் இதன் உச்ச அளவை 2021 இல் 3 விழுக்காடாகவும் 2022 இல் 2 விழுக்காடாகவும் குறைத்தது. எந்த எண்ணெயாயினும், ஒருமுறை பொரித்ததை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது ஆக்சிசனேற்றம் அடைந்த தீய பொருட்கள் அதில் சேர்கின்றன.

நார்ப்பொருளும் குடல் நுண்ணுயிர்களும்: நார்ப்பொருள் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலை அடையும் அதனை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட்டு முதலிய குறுந்தொடர்க் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. இவை குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகி அதனை வலுப்படுத்துவதோடு அழற்சியையும் அடக்குகின்றன. சமைத்த சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவம் பெற்று நார்ப்பொருளைப் போலவே செயல்படுகிறது. இரவு நீரூற்றி வைத்த பழைய சோற்றில் இதனுடன் நொதித்தலும் சேர்கிறது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு தரும் பயனைப் பற்றி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

உப்பும் சர்க்கரையும்: வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஊறுகாய், வற்றல், காராச்சேவு, அப்பளம் ஆகியவற்றின் வழியே இவ்வளவு எளிதில் மிஞ்சிவிடும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வமைப்பின் பரிந்துரை ஆகும். நாளொன்றுக்குப் பலமுறை அருந்தும் இனிப்புத் தேநீரையும் இக்கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மெலிந்த உடலில் மிகுந்த கொழுப்பு

பஞ்சமும் பற்றாக்குறையும் நீங்கிய இடத்தில் நீரிழிவு பெருகுவது ஏன் என்பதற்கு ஒரு விளக்கத்தை 1992 இல் பிரித்தானிய ஆய்வாளர்களான ஏல்சு, பார்க்கர் ஆகியோர் முன்வைத்தனர். தாயின் வயிற்றில் ஊட்டக்குறைவுக்கு உள்ளான கரு, குறைந்த உணவில் பிழைக்கும் வகையில் தன்னைத் தகவமைத்துக் கொள்கிறது. பின்னாளில் உணவு மிகுதியாகக் கிடைக்கும்போது அதே தகவமைப்பு தீங்காக மாறுகிறது என்பது இக்கருதுகோளின் சாரம் ஆகும்.

புனே அருகிலுள்ள ஊர்களில் மருத்துவர் சி. எஸ். யாச்னிக் குழுவினர் மேற்கொண்ட ஆய்வு இதற்கு இந்தியச் சான்று தந்தது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ மட்டுமே. இங்கிலாந்துக் குழந்தைகளுடன் ஒப்பிடுகையில் அவர்களின் தசையும் உள்ளுறுப்புகளும் மிகச் சிறுத்திருந்தன. ஆனால் தோலடிக் கொழுப்பு அதே வீதத்தில் குறையவில்லை. இவ்வுடலமைப்பு மெலிந்த கொழுத்த உடல் எனப்படுகிறது. தெற்காசியர்களுக்கு உடல் பருமன் இல்லாத நிலையிலும் நீரிழிவு வருவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23 ஐத் தாண்டினாலே கவனம் தேவை என 2004 இல் உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு தெரிவித்தது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பன எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன.

உட்கொள்ளும் சர்க்கரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசை ஆகும். தசை குறைந்த உடல், நாள் முழுதும் அமர்ந்த வேலை, மூன்று வேளையும் மாவுப்பொருள் ஆகிய மூன்றும் சேரும்போது வளர்சிதைமாற்றம் எளிதில் பிறழ்கிறது.

குருதிச்சோகையும் அழற்சியும்

2019–21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. அதே கணக்கெடுப்பில் 40.4 விழுக்காட்டுப் பெண்கள் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையோராக இருந்தனர். இவ்விரு எண்களையும் கூட்டினால் 90 ஐத் தாண்டுகிறது. ஒன்று பசியின் அடையாளம், மற்றொன்று வளத்தின் அடையாளம் எனப் பிரித்துப் பார்ப்பது பிழையாகும். இரண்டும் ஒரே வகை உணவிலிருந்து, அதாவது கலோரி நிறைந்து, இரும்பு, புரதம், பச்சைக் காய்கறி குறைந்த உணவிலிருந்து தோன்றக்கூடியவை.

இவற்றை இணைக்கும் உயிர்வேதியியல் வழியும் அறியப்பட்டுள்ளது. கல்லீரல் சுரக்கும் எப்சிடின் என்னும் இயக்குநீர், குடலிலிருந்து இரும்பு குருதியில் சேர்வதைக் கட்டுப்படுத்துகிறது. அழற்சி உள்ள உடலில் இதன் அளவு உயர்கிறது. அதனால் உணவில் இரும்பு இருந்தாலும் உடல் அதை முழுமையாக ஏற்பதில்லை. மிகை எடை உள்ள ஒருவருக்கு இரும்புக் குறைவும் ஏற்படுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

பட்டாசுத் தொழிலில் ஊட்டச்சத்தின் இடம்

பட்டாசுத் தயாரிப்பில் பொட்டாசியம் நைத்திரேட்டு, கந்தகம், கரி, அலுமினியத் தூள், நிறத்திற்காகச் சில உலோக உப்புகள் ஆகியன பயன்படுத்தப்படுகின்றன. ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆண்டிமனி, இலித்தியம் ஆகியவற்றின் சேர்மங்களைப் பட்டாசில் பயன்படுத்த 2017 சூலையிலும், பேரியம் உப்புகளைப் பயன்படுத்த 2018 அக்டோபரிலும் இந்திய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

உடலில் இரும்பு குறையும்போது, குடற்சுவரில் இரும்பைக் கடத்தும் புரதம் மிகுதியாகத் தோன்றுகிறது. அப்புரதம் ஈயம், காட்மியம் முதலிய நச்சு உலோகங்களையும் கடத்தக்கூடியது. எனவே குருதிச்சோகை உள்ள ஒருவரின் உடல், வாய்வழி உட்புகும் ஈயத்தை மற்றவரை விடக் கூடுதலாக ஏற்கிறது. கால்சியக் குறைவும் இதே விளைவைத் தருகிறது. உலோகத் தூள்களைக் கையாளும் தொழிலாளருக்கு இரும்பும் கால்சியமும் நிறைந்த உணவு இவ்வகையில் ஒரு பாதுகாப்பு ஆகும். பேரியம் நைத்திரேட்டு நீரில் கரையக்கூடியது. அது வயிற்றுள் சென்றால் குருதியில் பொட்டாசியத்தின் அளவைக் குறைத்துத் தசைகளையும் இதயத்தையும் தாக்கும். கையால் உண்ணும் வழக்கமுள்ள இடத்தில், மதிய உணவுக்கு முன் சோப்பிட்டுக் கை கழுவுவதும், மருந்து கலக்கும் அறைக்கு வெளியே உண்பதும் எந்த ஊட்டச்சத்தையும் விட முதன்மையானவை.

தூசுள்ள இடத்தில் வேலை செய்வோர் வெல்லம் உண்டால் நுரையீரல் தூய்மையாகும் என்னும் நம்பிக்கை இந்தியாவின் பல பகுதிகளில் உள்ளது. 1994 இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், வெல்லம் கொடுக்கப்பட்ட எலிகளின் நுரையீரலிலிருந்து தூசு கூடுதலாக வெளியேறியது. எலிகளில் கண்ட இம்முடிவைக் கொண்டு முகக்கவசத்தையும் காற்றோட்டத்தையும் கைவிட இயலாது. நீரிழிவு உள்ளோருக்கு வெல்லமும் சர்க்கரையே.

அரசின் உணவுத் திட்டங்கள்

விருதுநகரில் 1903 இல் பிறந்த காமராசர், 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். அவரது ஆட்சியில் 1956 இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் 1920 இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் இத்தகைய முயற்சியை மேற்கொண்டிருந்தது. 1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் இது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. பின்னர் முட்டை, பயறு ஆகியன சேர்க்கப்பட்டன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

பள்ளிக்கு வரவைப்பதே முதல் நோக்கமாயிருந்த திட்டம், சோறு என்பதிலிருந்து சத்துணவு என்னும் நிலைக்கு நகர்ந்தது இவ்வரலாற்றில் காணத்தக்கது. வளரும் வயதில் கிடைக்கும் புரதமும் இரும்பும் தசையையும் குருதியையும் வளர்க்கின்றன. அவ்வகையில் பள்ளியின் முட்டை, 40 ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நீரிழிவுக்கு எதிரான முதலீடும் ஆகும்.

2018 சனவரியில் இந்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் தேர்வாயின. உடல்நலமும் ஊட்டச்சத்தும் அத்திட்டத்தின் மதிப்பீட்டில் 30 விழுக்காடு இடம்பெற்றன. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் உள்ளோருக்கு வீட்டிலேயே மருந்து வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகத்தில் தமிழ்நாட்டில் தொடங்கியது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.

தேசிய அளவில் நிலைமை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு முடிவுகள் 2023 இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு நலமற்ற உணவுடன் தொடர்புடையது என ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுநூல் மதிப்பிட்டது.

உணவுமுறையை மாற்றும் வழிகள்

மருத்துவச் சோதனைகள் ஒரு தனிச் சத்தை விட முழு உணவுமுறைக்கே வலுவான சான்று தருகின்றன. எசுப்பானியாவில் ஏறத்தாழ 7,400 பேரிடம் நடந்த சோதனையில், ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டைப் பருப்புகளுடன் கூடிய மத்தியதரைக்கடல் உணவு, மாரடைப்பு, பக்கவாதம் முதலிய நிகழ்வுகளை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. 2013 இல் வெளியான இதன் முடிவுகள் நடைமுறைக் குறைகள் திருத்தப்பட்டு 2018 இல் மீண்டும் வெளியிடப்பட்டன. காய்கறி, பயறு, கொட்டை, முழுத்தானியம் ஆகியன மிகுந்தும் தீட்டிய மாவும் இனிப்பும் குறைந்தும் இருப்பதே அவ்வுணவின் பொதுத்தன்மை ஆகும். கரிசல் நிலத்தின் விளைபொருட்களைக் கொண்டே அத்தன்மையை எய்த இயலும்:

* ஒரு வேளைச் சோற்றின் அளவைக் குறைத்து, அவ்விடத்தைக் காய்கறி, கீரை, பருப்பு ஆகியவற்றால் நிரப்புதல்.
* கம்பு, குதிரைவாலி, சோளம் ஆகியவற்றை முழுத்தானியமாகப் பயன்படுத்துதல். சிறுதானியமும் தீட்டி மாவாக்கிக் கஞ்சியாய்க் குடித்தால் சர்க்கரையை விரைவில் உயர்த்தும்.
* கம்பிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைப் பைட்டிக் அமிலம் தடுக்கிறது. ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும் அத்தடையைக் குறைக்கின்றன.
* உணவுடன் எலுமிச்சை, நெல்லிக்காய் முதலிய சி உயிர்ச்சத்து உள்ளவற்றைச் சேர்த்தல். தேநீர் இரும்பு ஏற்பைக் குறைப்பதால் அதனைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி அருந்துதல்.
* நிலக்கடலை, முட்டை, மீன், பயறு ஆகியவற்றுள் ஒன்றேனும் நாள்தோறும் உணவில் இடம்பெறச் செய்தல்.
* அமர்ந்து வேலை செய்வோர் உணவுக்குப் பின் சிறிது நடத்தல்.

உணவின் எல்லை

உணவு நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது, நோயைத் தாமதப்படுத்துகிறது, மருந்தின் தேவையைச் சிலரிடம் குறைக்கிறது. ஆயினும் நீரிழிவுக்கோ உயர் குருதி அழுத்தத்துக்கோ அளிக்கப்பட்ட மருந்தை, மஞ்சள், வெந்தயம், சிறுதானியம் முதலியவற்றை நம்பித் தாமாக நிறுத்துவது பேரிடர் தரும். குளிகை வடிவில் தரப்பட்ட பீட்டா கரோட்டின், ஈ உயிர்ச்சத்து ஆகியன பெரும் சோதனைகளில் இதய நோயைத் தடுக்கவில்லை. புகைபிடிப்போரிடம் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது.

உணவுத் தெரிவு தனி ஒருவரின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. நியாயவிலைக் கடையில் எது கிடைக்கிறது, எண்ணிக்கைக் கூலி வேலையில் சமைக்க எவ்வளவு நேரம் எஞ்சுகிறது, கீரையும் பருப்பும் என்ன விலை விற்கின்றன என்பனவும் தட்டில் உள்ளதை முடிவு செய்கின்றன. விலையில்லா அரிசி பசியை வென்றது போல, பருப்பும் முட்டையும் சிறுதானியமும் எட்டும் விலையில் கிடைப்பது நாட்பட்ட நோய்களின் தடுப்பில் முதன்மையான பங்கு வகிக்கும்.